கடலில் போட்டாலும் அளந்து போடு

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. வெள்ளத்தோடு போகிற பொருளுக்கும் கணக்கு இருக்க வேண்டும் என்பது முன்னோர் கருத்து. இன்று அந்தப் பழமொழியைக் கடலோரத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. கடலில் மிதவைக் கூண்டு கட்டி, அதில் மீன் குஞ்சுகளை விட்டு, நாள்தோறும் தீவனம் போட்டு வளர்க்கும் தொழில் இந்தியாவின் இரு கரைகளிலும் பரவி வருகிறது. போட்ட தீவனத்தையும் கிடைத்த மீனையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்க்கும் பழக்கம்தான் அதே வேகத்தில் பரவவில்லை.

கடற்கரையிலிருந்து வெகு தூரம் தள்ளியிருக்கும் பெங்களூரில், ஒரு தொழிற்சாலைத் தொழிலாளிக்கோ ஆபீஸ் குமாஸ்தாவுக்கோ இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அக்கறை உண்டு. சிவாஜி நகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் சம்பள நாளன்று வஞ்சிரம் கேட்கிற குடும்பம், மாதக் கடைசியில் மத்தியைத்தான் கேட்கிறது. தென் தமிழ்நாட்டார் சாளை என்றும், மங்களூர்ப் பக்கத்தார் பூத்தாயி என்றும் சொல்லும் அதே மீன். ஏழையின் தட்டில் விழுகிற அந்தச் சின்ன மீன்தான் கூண்டில் வளரும் பெரிய மீனுக்கும் இரையாகப் போகிறது. ஆகவே கூண்டுக்காரரின் கணக்கு எங்கோ கடலில் நடக்கும் வேறொருவர் விவகாரம் அல்ல.

மேலும் இதில் வரிப்பணமும் இருக்கிறது. 2020-ல் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் மதிப்பு 20,050 கோடி ரூபாய். கடல் கூண்டு அமைப்பவருக்கு அதில் பொதுப் பிரிவினராயின் 40 சதவிகிதமும், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினராயின் 60 சதவிகிதமும் மானியம் உண்டு. மானியம் கொடுப்பதில் தவறில்லை. கொடுத்த பணத்துக்கு என்ன விளைந்தது என்று கேட்பதிலும் தவறில்லை.

மண்டபத்தில் தொடங்கிய கதை

1947-ல் இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் தொடங்கப்பட்டு, இன்று கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குவது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். 2007-ல் விசாகப்பட்டினம் கடலில் கூண்டு மிதக்கவிட்டு, கொடுவா மீனை வளர்த்துக் காட்டியவர்கள் இந்நிலையத்தின் விஞ்ஞானிகள். 2010-ல் மண்டபத்தில் கடல் விரால் எனப்படும் கோபியா மீனைத் தொட்டியில் முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்க வைத்தார்கள். அடுத்த ஆண்டு சில்வர் பாம்பனோ மீனிலும் அதே வெற்றி கிட்டியது. அதற்கும் முன்னரே, 1997-ல், சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையம் கொடுவாயைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்ய வைத்திருந்தது. கர்நாடகத்தில் கார்வாரில் இருக்கும் கடல் மீன்வள நிலையத்தின் கிளை, மீனவர்களின் கைக்கு எட்டும் செலவில் இரும்புக் குழாய்க் கூண்டுகளைச் செய்து காட்டியது.

குஞ்சு பொரிக்கத் தெரியும், கூண்டு கட்டத் தெரியும், மீனும் வளர்கிறது. விஞ்ஞானம் செய்ய வேண்டியதில் பெரும்பகுதியைச் செய்துவிட்டது என்றே சொல்லலாம். மிச்சமிருப்பது கணக்கு. இத்தனை கூண்டுகள் இறக்கினோம், இத்தனை டன் மீன் எடுத்தோம் என்று மேடையில் சொல்லும் எண்கள் உற்பத்தியைத்தான் காட்டும், திறனைக் காட்டா. ஒரு டன் மீன் எடுக்க இரண்டு டன் தீவனம் செலவானதா, எட்டு டன் செலவானதா என்பது அந்த எண்களில் தெரியாது.

எது திறன்?

மீன் வளர்ப்போர் உலகெங்கும் முதலில் பார்ப்பது தீவன மாற்று விகிதம். இறால் பண்ணைக்காரர்கள் எஃப்.சி.ஆர். என்று சொல்வது இதையே. ஒரு கிலோ மீன் கூடுவதற்கு எத்தனை கிலோ தீவனம் செலவாயிற்று என்பதே அதன் பொருள். எண் குறையக் குறையத் திறன் கூடுகிறது. பால் மாட்டுக்குப் போடுகிற புண்ணாக்குக்கும் கறக்கிற பாலுக்கும் வீட்டுப் பெண்கள் மனக்கணக்குப் போடுவதில்லையா? அதைப் போன்றதே இதுவும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆறு மீட்டர் விட்டமும் நான்கு மீட்டர் ஆழமும் உள்ள ஒரு வட்டக் கூண்டு சுமார் 113 கன மீட்டர் கொள்ளும். அதில் 1,000 குஞ்சுகள் விடப்படுவதாக வைத்துக்கொள்வோம். அறுவடையின்போது 800 மீன்கள் தலைக்கு இரண்டரை கிலோ இருந்தால் மொத்தம் 2,000 கிலோ. அதற்கு 12,000 கிலோ கழிசல் மீன் போடப்பட்டிருந்தால் விகிதம் ஒன்றுக்கு ஆறு. கழிசல் மீனைக் கொண்டு வளர்க்கும்போது இது வியப்பான எண் அல்ல. ஐந்திலிருந்து எட்டு வரையிலும் போவதுண்டு.

இப்போது செத்துப்போன 200 மீன்களைப் பார்க்க வேண்டும். குஞ்சு விட்ட முதல் வாரத்தில் அவை செத்திருந்தால் நஷ்டம் குஞ்சின் விலையோடு போயிற்று. எட்டாவது மாதத்தில், தலைக்கு இரண்டு கிலோ வளர்ந்த பிறகு செத்திருந்தால் கதை வேறு. 400 கிலோ மீன் கடலோடு போயிற்று. அந்த 400 கிலோவை வளர்க்கப் போட்ட 2,400 கிலோ தீவனமும் போயிற்று. மொத்தத் தீவனம் 14,400 கிலோ. எடுத்த மீன் அதே 2,000 கிலோ. விகிதம் ஆறிலிருந்து ஏழேகாலை நெருங்கிவிடுகிறது. கழிசல் மீன் கிலோ 30 ரூபாய் என்று கொண்டால், வேறுபாடு 72,000 ரூபாய்.

இரண்டு கூண்டுகளிலும் எடுத்த மீன் இரண்டு டன். இரண்டிலும் பிழைத்தவை 80 சதவிகிதம். மேடையில் படிக்கப்படும் எண்களில் இரு கூண்டுகளும் ஒன்றே. ஆனால் ஒருவர் கடனைக் கட்டி முடிப்பார். மற்றவர் மறுபடியும் வட்டிக்காரர் வாசலில் நிற்பார். எத்தனை செத்தன என்பதோடு, எப்போது செத்தன, எந்த எடையில் செத்தன என்பதும் எழுதப்பட்டிருந்தால்தான் இந்த வித்தியாசம் வெளியே வரும்.

இன்னொரு நியாயமும் சொல்லியாக வேண்டும். கழிசல் மீனுக்கு ஆறு என்கிறார்கள். குருணைத் தீவனத்துக்கு ஒன்றரை அல்லது இரண்டு என்கிறார்கள். ஆகவே கழிசல் மீன் போடுகிறவர் திறமையற்றவர் என்று சிலர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அது சரியான ஒப்பீடு அல்ல. பச்சை மீனில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறையத் தண்ணீர்தான். குருணைத் தீவனம் உலர்ந்தது. தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் வெகுவாகக் குறைந்துவிடும். ஈர நெல்லையும் காய்ந்த நெல்லையும் ஒரே மரக்காலில் அளந்து ஒருவரைக் குறை சொல்வது தகாது. எந்தத் தீவனம், ஈரமா உலர்ந்ததா என்பதைக் கணக்கில் தனித்தனியே காட்ட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

நார்வே எழுதிய பேரேடு

கடல் மீன் வளர்ப்பில் கணக்கின் மதிப்பை உலகுக்குக் காட்டிய நாடு நார்வே. 1970-ல் ஹித்ரா என்னும் தீவில் குரோன்ட்வெட் சகோதரர்கள் மிதவைக் கூண்டில் சால்மன் மீன் வளர்த்து வெற்றி கண்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் அந்நாட்டு விஞ்ஞானிகள், நன்றாக வளரும் மீன் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கும் வேலையில் இறங்கினார்கள். எந்தத் தாய் மீனின் குஞ்சு எத்தனை நாளில் எத்தனை எடை போட்டது என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்ததால் கைகூடிய காரியம் அது. இன்று அந்நாட்டின் பண்ணை சால்மன் ஆண்டுக்கு 15 லட்சம் டன் அளவுக்கு உயர்ந்துள்ளது. ஒரு கிலோ மீனுக்கு ஆகும் உலர் தீவனம் சுமார் ஒன்றேகால் கிலோ.

தீவனத்தின் உள்ளடக்கமும் மாறிற்று. 1990-ல் நார்வே சால்மன் தீவனத்தில் சுமார் 90 சதவிகிதம் மீன்தூளும் மீன் எண்ணெயுமாக இருந்தது. 2020-ல் அது 22 சதவிகித அளவுக்கு இறங்கியது. மிச்சம் சோயா போன்ற தாவரப் பொருள்கள். மருந்துச் செலவிலும் இதே கதை. 1987-ல் அந்நாட்டு மீன் பண்ணைகளில் சுமார் 50 டன் ஆன்டிபயாடிக் மருந்து கொட்டப்பட்டது. தடுப்பூசி வந்த பிறகு, உற்பத்தி பல மடங்கு பெருகியும், மருந்து ஆண்டுக்கு ஒரு டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது.

இவற்றையெல்லாம் அந்நாட்டுப் பண்ணைக்காரர்களின் நல்ல மனத்துக்கு மட்டும் வரவு வைக்க முடியாது. சட்டம் கணக்குக் கேட்டது. ஒரு கூண்டில் 2 லட்சம் மீனுக்கு மேல் கூடாது. ஒரு கன மீட்டர் நீரில் 25 கிலோவுக்கு மேல் கூடாது. உயிரோடு இருக்கும் மீனின் மொத்த எடையை மாதந்தோறும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். மீனின் உடலில் ஒட்டி இரத்தம் குடிக்கும் கடல் பேனை எண்ணி வாரந்தோறும் தெரிவிக்க வேண்டும். 2017 முதல் அந்நாட்டுக் கடற்கரை 13 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்குப் போடப்படுகிறது. பேன் பெருகி, ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் காட்டு சால்மனுக்கு ஆபத்து என்றால் சிவப்பு. அந்தப் பகுதியில் வளர்ப்பைக் குறைக்க வேண்டியதுதான்.

அங்கேயும் ஓர் ஓட்டை

ஆனால் நார்வேயின் கணக்கை முழுவதும் படிக்க வேண்டும். பாதியில் நிறுத்தக் கூடாது. தீவன விகிதத்தில் உலகுக்கு வழிகாட்டும் அதே நாட்டில், 2023-ஆம் ஆண்டு கடல் கூண்டுகளில் செத்த சால்மன் 6 கோடியே 28 லட்சம், அதாவது 16.7 சதவிகிதம். 2024-ல் சற்றுக் குறைந்து 5 கோடியே 78 லட்சம், 15.4 சதவிகிதம். ஆறு மீனில் ஒன்று அறுவடைக்கு வருமுன்னே சாகிறது. பேனை அகற்ற மீனைப் பிடித்து வெந்நீரில் விடுவதும், பீய்ச்சிக் கழுவுவதும் இந்தச் சாவுக்கு ஒரு காரணம் என்கிறார்கள். ஒரு நோயை அடக்கச் செய்த வேலை வேறொரு கேட்டைக் கொண்டு வந்திருக்கிறது.

இதிலிருந்து தெரிவது என்ன? ஒரே அளவுகோலைப் பிடித்துக்கொண்டால் அந்த ஒன்று மட்டும் திருந்தும். மற்றவை கெடுவது கண்ணில் படாது. தீவனத்தைப் பார்த்தவர்கள் தீவனத்தில் வென்றார்கள். மீனின் உயிர் அதே கண்டிப்போடு கவனிக்கப்படவில்லை. எனினும் நார்வேக்கு ஒரு பெருமை சேர வேண்டும். இந்தச் சாவு எண்ணை வெளியிடுவது எதிரிகள் அல்ல. அந்நாட்டு அரசின் கால்நடை ஆராய்ச்சி நிலையமே ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிடுகிறது. குறையைத் தானே எழுதி வைக்கிற நாட்டுக்கு அதைத் திருத்தும் வழியும் பிறக்கும்.

நார்வேயின் குளிர்ந்த கடலுக்கும் இந்தியாவின் வெப்பக் கடலுக்கும் பொருத்தமில்லை. அங்குள்ள கம்பெனிகளுக்கும் இங்குள்ள கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பொருத்தமில்லை. அவர்களுடைய எண்களை இங்கே கொண்டு வந்து ஒட்ட வேண்டியதில்லை. எண்ணுகிற பழக்கத்தைக் கொண்டு வந்தால் போதும்.

மத்திக்கு யார் பொறுப்பு?

இந்தியக் கணக்கில் மட்டும் நார்வேயில் இல்லாத ஒரு பத்தி கட்டாயம் இருக்க வேண்டும். கூண்டு மீனுக்குப் போடப்படும் இரை மனிதன் தின்னக்கூடியதா என்பதே அது.

கழிசல் மீன் என்ற பெயரில் போவதெல்லாம் கழிசல் அல்ல. இழுவைப் படகில் வரும் எவருக்கும் வேண்டாத பொடி மீன் ஒரு பக்கம். நல்ல மத்தியும் கானாங்கெளுத்தியும் விலை சரிந்த நாளில் கூண்டுக்கும் மீன்தூள் ஆலைக்கும் போவது மறு பக்கம். வளர்ந்து இன்னொரு முறை முட்டையிட்டிருக்க வேண்டிய குஞ்சு மீன்களும் அந்தக் குவியலில் கிடக்கும். இதைத் தடுக்கத்தான் மீன் பிடிக்கும் குறைந்தபட்ச அளவைக் கேரள அரசு சட்டத்தில் கொண்டு வந்தது. மத்திக்கு அந்த அளவு 10 சென்டிமீட்டர்.

மத்தியை நம்பித் தொழில் நடத்துவது எத்தனை ஆபத்து என்பதற்கும் கேரளமே சாட்சி. 2012-ல் அம்மாநிலக் கரையில் ஏறிய மத்தி 4 லட்சம் டன்னை நெருங்கியது. 2021-ல் கிடைத்தது சுமார் 3,300 டன்தான். கடல் நீரின் வெப்பமும் மழையும் மாறினால் மத்தி மறைந்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் திரும்பி வருகிறது. இதற்குக் கூண்டுக்காரர் காரணமல்ல. ஆனால் மத்தி இல்லாத ஆண்டில் கூண்டும் சந்தையும் ஒரே கூடைக்குப் போட்டியிடும். அந்தப் போட்டியில் மாதக் கடைசியில் மீன் வாங்க வந்தவர் தோற்றுப் போவார்.

போதாக்குறைக்கு ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன், ஜூலை. அந்த நாட்களில் விசைப்படகு கடலுக்குப் போகாது. கழிசல் மீன் வராது. கூண்டுக்குள் இருக்கும் மீனுக்கோ தடைக் காலம் தெரியாது, அதற்குப் பசிக்கும்.

அப்படியானால் எல்லாரும் குருணைத் தீவனத்துக்கு மாறிவிட்டால் மத்தி தப்பிவிடுமா? அதிலும் அளந்து பார்க்க வேண்டும். ஒரு கிலோ மீன்தூள் செய்ய நான்கரை கிலோ பச்சை மீன் வேண்டும். தீவனத்தில் 30 சதவிகிதம் மீன்தூளும், விகிதம் 1.8-ம் என்று வைத்தால், ஒரு கிலோ கூண்டு மீனுக்குள் சுமார் இரண்டரை கிலோ கடல் மீன் ஒளிந்திருக்கிறது. ஆறு கிலோவுக்கு இது மேல்தான். ஆனால் இதுவும் இலவசம் அல்ல. கடலிலிருந்து எடுத்த மீன் எத்தனை, திருப்பிக் கொடுத்த மீன் எத்தனை என்பது ஒவ்வொரு பண்ணையின் கணக்கிலும் கடைசி வரியாக இருக்க வேண்டும். கொடுத்ததைவிட எடுத்தது அதிகம் என்றால், அந்தப் பண்ணை நாட்டின் மீனைப் பெருக்கியதாகச் சொல்ல முடியாது. மலிவு மீனை விலை உயர்ந்த மீனாக மாற்றியதாகத்தான் சொல்ல வேண்டும். அதில் லாபம் இருக்கலாம். அந்த லாபத்துக்கு மானியம் தர வேண்டுமா என்பது வேறு கேள்வி.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

இத்தனை கணக்கையும் கடலில் அலையோடு போராடும் மீனவரால் எழுத முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் அனுதாபம் இருக்கிறது. ஆனால் மீனவரைக் குறைத்து மதிக்கும் எண்ணமும் சேர்ந்திருக்கிறது. ஏலக்கூடத்தில் கூடைக்கு என்ன விலை போயிற்று, டீசலுக்கு என்ன ஆயிற்று, படகுப் பங்கு எத்தனை, ஆள் பங்கு எத்தனை என்று மனத்திலேயே கணக்குப் போடுகிறவர் அவர். கரையோர மகளிர் சுய உதவிக் குழுக்களில் பெண்கள் பேரேடு எழுதுகிறார்கள். அவர்களுக்கு இது புதிய வித்தை அல்ல.

தேவைப்படுவது ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு தராசு, ஒரு கைவலை. குஞ்சு விட்ட நாள், எண்ணிக்கை, எடை ஒரு பத்தி. அன்றாடம் போட்ட தீவனத்தின் வகையும் எடையும் ஒரு பத்தி. செத்து மிதந்த மீனின் எண்ணிக்கையும் எடையும் ஒரு பத்தி. பதினைந்து நாளைக்கொரு முறை முப்பது மீனைப் பிடித்து நிறுத்துப் பார்த்த சராசரி ஒரு பத்தி. வலை மாற்றிய நாள், அறுவடை, விற்ற விலை ஆகியவற்றோடு கணக்கு முடிந்தது. எந்த ஆபீஸிலும் வருகைப் பதிவேடு எழுதுகிற குமாஸ்தா இதைவிட அதிகப் பத்திகளைத் தினமும் நிரப்புகிறார்.

எழுதிய ஏடே வழியும் சொல்லும். பதினைந்து நாளில் எடை கூடவில்லை, தீவனம் மட்டும் கூடியது என்றால், போட்டது மீனின் வாயில் விழாமல் வலைக்கு அடியில் விழுகிறது என்று பொருள். மீன் மேலே பாய்ந்து தின்பதை நிறுத்தியதும் கையை நிறுத்த வேண்டும். சிப்பியும் பாசியும் வலைக் கண்ணை அடைத்தால் நீரோட்டம் நின்று பிராணவாயு குறையும். மீன் இரை எடுக்காது. வலை மாற்றிய தேதியையும் எடையையும் சேர்த்துப் பார்த்தால் எத்தனை நாளைக்கொரு முறை மாற்ற வேண்டும் என்பது தெரிந்துவிடும். கொடுவாய்க் குஞ்சில் பெரியது சிறியதை விழுங்கும். செத்து மிதந்தவை குறைவு, எண்ணிப் பார்த்தால் மீனும் குறைவு என்றால், அளவு வாரியாகப் பிரித்துவிடத் தவறியது தெரிந்துபோகும். இவற்றில் எதற்கும் புதிய இயந்திரம் வேண்டாம்.

இரண்டாவது ஆட்சேபம் சற்றுக் கனமானது. நஷ்டத்தை எழுதி வைத்தால், அடுத்த முறை மானியமும் கடனும் கிடைக்காமல் போகுமே என்ற பயம் அது. நியாயமான பயம். கணக்கு எழுதியவரைத் தண்டித்து, எழுதாதவரைத் தப்பவிட்டால் நாடெங்கும் பொய்க் கணக்கு பெருகும். ஆகவே நஷ்டம் வந்ததற்காக எவருக்கும் உதவி மறுக்கப்படக் கூடாது. கணக்கு இல்லாததற்காக மட்டுமே மறுக்கப்படலாம் என்று விதி செய்ய வேண்டும். புயலில் கூண்டு போய்விட்டால், அதில் எத்தனை மீன் இருந்தது என்று இன்ஷூரன்ஸ்காரருக்குக் காட்ட அந்த நோட்டுப் புத்தகத்தைத் தவிர மீனவரிடம் வேறு சாட்சி கிடையாது. கணக்கு மீனவருக்குக் காவல் என்பதை அவரே உணரும் நாள் வந்தால் எந்த அதிகாரியும் வற்புறுத்த வேண்டியிருக்காது.

இறால் கற்பித்த பாடம்

கணக்கின்றிப் பெருகிய தொழில் என்ன ஆகும் என்பதைக் கிழக்குக் கரை ஒருமுறை பார்த்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் இறால் பண்ணைகள் பெருகின. ஓர் ஏக்கருக்கு எத்தனை கிலோ என்பதுதான் எல்லார் வாயிலும் இருந்த பேச்சு. 1994-95-ல் வெள்ளைப் புள்ளி நோய் வந்து குளம் குளமாக வாரிக்கொண்டு போயிற்று. 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு கடலோர இறால் பண்ணைகள் மீது கடுமையான தீர்ப்பு வழங்கியது. 2005-ல்தான் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துக்கான சட்டம் வந்தது. 2009-க்குப் பின் புதிய வகை இறால் வந்து தொழில் மீண்டும் நிமிர்ந்தபோது, பண்ணைக்காரர்கள் பழைய ஆட்களாக இல்லை. குளத்தில் தட்டு இறக்கி, மிஞ்சிய தீவனத்தைப் பார்த்து, அடுத்த வேளைத் தீவனத்தை அளக்கக் கற்றிருந்தார்கள். அடி வாங்கிக் கற்ற பாடம் அது.

2023-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, கூண்டு மீன் வளர்ப்பும் அதன் வரம்புக்குள் வந்திருக்கிறது. கூண்டுத் தொழில் இன்னும் இளமையாக இருக்கும்போதே சட்டம் வந்துவிட்டது நல்ல காலம். இறாலுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

மானியம் பெறும் ஒவ்வொரு கூண்டுக்கும் கணக்கேடு கட்டாயமாக்கப்பட வேண்டும். அதைத் தமிழிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் அச்சடித்து மீன்வளத்துறையே இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை மாவட்ட வாரியாகச் சராசரித் தீவன விகிதம், செத்த மீன், கடலிலிருந்து எடுத்த இரை மீன் ஆகிய மூன்று எண்களும் வெளியிடப்பட வேண்டும். மனிதன் தின்னக்கூடிய மத்தியைத் தீவனமாக்குவதைப் படிப்படியாகக் குறைக்க, மீன்தூள் குறைந்த குருணைத் தீவனத்துக்கு விலைச் சலுகை தர வேண்டும். நல்ல குஞ்சு காலத்தில் கிடைக்கக் குஞ்சு பொரிப்பகங்களைப் பெருக்க வேண்டும். வளர்ப்பு ரோகு கெண்டையில் நார்வேயின் ஒத்துழைப்போடு தேர்வு இனப்பெருக்கம் செய்து, தலைமுறைக்கு 17 சதவிகித அளவுக்கு வளர்ச்சி கூடிய ஜெயந்தி ரோகுவை உண்டாக்கிய நாடு இது. கொடுவாயிலும் கடல் விராலிலும் அதைச் செய்ய முடியாதென்பதில்லை. அதற்கும் முதல் மூலதனம் பண்ணைகளிலிருந்து வரும் நேர்மையான எடைக் கணக்கே.

கடலோரத்தில் ஒரு மீனவர் கடன் வாங்கிக் கூண்டு இறக்குகிறார். பெங்களூரில் ஒரு தொழிலாளி மாதக் கடைசியில் மத்தி வாங்க நிற்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் ஒரே கடலை நம்பியிருக்கிறார்கள். ஒருவர் பிழைப்பதற்காக மற்றவரின் தட்டு காலியாகக் கூடாது. அதற்கு மீன்வளத்துறை அடுத்த கூண்டுக்குப் பணம் ஒதுக்குமுன் சென்ற ஆண்டுக் கூண்டின் கணக்கைக் கேட்க வேண்டும். மத்திய அரசும் கடலோர மாநில அரசுகளும் இதற்கு உடனே ஆவன செய்ய வேண்டும்.